நடுவில் இருபத்திரண்டு மீட்டர்

துறைமுகத்தின் பழைய வயர்லெஸ் அறையை இடிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்த அன்று, பிளேடு அக்கா உலையில் போட்ட அரிசியை அப்படியே விட்டுவிட்டு அடுப்பை அணைத்துக் கிளம்பினாள். ஒன்பது வருஷமாக அவள் காத்திருந்த செய்தி அது. அந்தக் கட்டடத்துக்கும் ஆன்டெனாக் கம்பத்துக்கும் நடுவே மண்ணுக்குள் ஒரு குழாய் போகிறது. அந்தக் குழாயை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. கட்டடம் விழுந்தால் குழாயும் வெளியே வந்தாக வேண்டும்.

பிளேடு என்றால் பேசியே ஆளைக் கொல்கிறவர்களுக்குத்தான் வைப்பார்கள். இவளோ நாலு கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற ரகம். கேபிளின் தோலை உரிப்பதற்காகச் சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு சின்னக் கத்தி வைத்திருப்பாள், அதனால் வந்த பெயர். பேச்சிலும் அப்படித்தான், சும்மா இருந்து சும்மா இருந்து ஒரு தடவை வெட்டினால் ஆழமாக இறங்கும் என்று அவள் வேலை பார்க்கிற கேபிள் கடையில் சொல்வார்கள்.

அவளும் கணவரும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே தொழில். அவர் கம்பம் ஏறுவார். நூறடி உயரத்தில் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆன்டெனாவில் கேபிள் முனையைப் பொருத்துவார். இவள் கீழே அறைக்குள் மறுமுனையைப் பொருத்துவாள். மேலிருந்து அவர் ஒரு விசில் அடித்தால் முடிந்தது என்று அர்த்தம். கீழிருந்து இவள் இரும்புக் கம்பத்தில் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினால் இங்கேயும் முடிந்தது என்று அர்த்தம். வயர்லெஸ் என்று பேர் வைத்துவிட்டு இத்தனை மீட்டர் வயரைச் சுமக்க விடுகிறார்களே என்று அவர் ஒவ்வொரு வேலையிலும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் இவள் புதுசாகக் கேட்பதுபோல் சிரிப்பாள்.

கோஆக்சியல் கேபிள் என்பதை வெளியிலிருந்து பார்த்தால் கருப்புக் கயிறு மாதிரி இருக்கும். குறுக்கே வெட்டினால்தான் அதன் குணம் தெரியும். நட்டநடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளையாக நுரை போன்ற ஒரு பொருள், அதன்மேல் கம்பிப் பின்னல், எல்லாவற்றுக்கும் மேல் உறை. நடுக்கம்பி சேதி கொண்டுபோகும். பின்னல் அதைக் காவல் காக்கும். காவல் கெட்டால் சேதி வழியிலேயே கரைந்துபோகும். கண்காணிப்புக் கேமராவுக்குச் சுண்டுவிரலைவிட மெலிந்த ரகம் ஒன்று உண்டு. வீட்டு டி.வி.க்கு இழுப்பது அதைவிடக் கொஞ்சம் பருமன். உள்ளே அலுமினியப் பின்னல்தான் இருக்கும், சுவரோரமாக மழை படாமல் போகிற கேபிளுக்கு அது போதும். தெருத்தெருவாக நெடுந்தூரம் போக வேண்டுமானால் கட்டைவிரல் தடிமனில் வேறு ரகம். இவையெல்லாம் எழுபத்தைந்து ஓம் சாதி. பேசுகிற வயர்லெஸ்ஸுக்கு ஐம்பது ஓம் கேபிள்தான் போட வேண்டும். கடல் பக்கத்து வேலை என்றால் செம்புப் பின்னல், அதுவும் ஒன்றுக்கு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். உப்புக்காற்று அலுமினியத்தைச் சும்மா விடாது.

இதெல்லாம் தெரிந்த ஒருவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

துறைமுக வயர்லெஸ் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்தது வேறு யாருமில்லை, அவள் கணவரின் சொந்த அக்கா வீட்டுக்காரர். கணவருக்கு அத்தான். முறைப்படி இவளுக்கு அண்ணன். வாய் நிறைய "தங்கச்சி" என்று கூப்பிடுவார். கம்பத்து உச்சியிலிருந்து அறை வரைக்கும் எண்பது மீட்டர் கேபிள். நடுவில் மண்ணுக்குள் குழாய். "குழாய்க்குள்ள இழுக்கிறதெல்லாம் என் ஆளுங்க பார்த்துக்குவாங்க. நீங்க வந்து ரெண்டு முனையை மட்டும் போட்டுக் குடுங்க. கை சுத்தம் உங்களுக்குத்தானே" என்றார். இவர்கள் போனபோது கம்பத்தடியில் குழாயிலிருந்து நல்ல கேபிள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அறையிலும் அதே கேபிள் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மேலே போட்டார், இவள் கீழே போட்டாள். விசில், இரண்டு தட்டு, முடிந்தது. மைக்கில் பேசிப் பார்த்தார்கள். கணீரென்று கேட்டது.

பதினாலு மாதம் கழித்து, ஒரு மழைக்காலப் பிற்பகலில், மூன்று பேர் போன மீன்பிடிப் படகு ஒன்று துறைமுக வாயிலுக்குப் பக்கத்திலேயே இன்ஜின் நின்று தத்தளித்தது. படகின் மெக்கானிக் முப்பது வயதுகூட ஆகாதவன். அவன் நாற்பது நிமிஷம் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டிருக்கிறான். இழுவைப் படகு ஐந்து நிமிஷ தூரத்தில் கட்டிக் கிடந்தது. அறையில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்டதெல்லாம் எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல். படகு அலைத்தடுப்புப் பாறையில் மோதிச் சிதறியது. இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். மெக்கானிக் ஏறவில்லை.

மறுநாள் விசாரணை. கான்ட்ராக்டர் வந்தார், தலையை ஆட்டினார், "முனையில தண்ணி எறங்கியிருக்கு சார், வேற ஒண்ணுமில்ல" என்றார்.

"கேபிளை வெளிய இழுத்துப் பாருங்க" என்றாள் பிளேடு அக்கா.

"குழாய் அடைச்சுக் கெடக்கு தங்கச்சி. இழுத்தா நடுவுல அறுந்து நிக்கும். இப்ப ஆராய்ச்சி பண்ற நேரமா?" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் சுவரோரமாகப் புதுக் கேபிள் ஒன்றை இழுத்து மாட்டிக் காட்டினார். குரல் வந்துவிட்டது. அதிகாரிகளுக்கு அது போதுமாக இருந்தது. பழையது மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"முனைகளைப் போட்டது யாரு?" என்று கேட்டார் விசாரித்த அதிகாரி.

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "ரெண்டும் நான்தான் சார் போட்டேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று நானும் போட்டேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஏன் எழவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தரம் தன்னையே கேட்டுக்கொண்டாள். பயம்தான். வேறு பெயர் அதற்குக் கிடையாது.

அவருடைய லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்துச் செத்த மெக்கானிக்கின் அக்கா இவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். தையல்காரி, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

"என் தம்பி நாப்பது நிமிஷம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தானாம். உங்க கேபிளுக்குக் காது இல்லாமப் போச்சு" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவர் கம்பம் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு கிடங்கின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போகிற வண்டி எண்ணை எழுதுகிற வேலைக்குப் போனார். வீட்டில் பேச்சு, சாப்பாடு ஆச்சா, குழாயில் தண்ணீர் வந்ததா என்ற அளவில் நின்றுபோனது. அவள் ஒரு கேபிள் கடையில் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கேமரா கேபிள் இழுத்தாள், அடுக்குமாடி வீடுகளுக்கு டிஷ் மாட்டினாள். ஒவ்வொரு முனையையும் போட்டுவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். ராத்திரி படுத்தால், அன்றைக்கு அந்த அறையில் சரியாக இறுக்கினேனா, பின்னலின் ஒரு இழை வெளியே நின்றதா என்றுதான் மனசு சுற்றிச் சுற்றி வரும்.

இதற்கு மேல் கான்ட்ராக்டரின் வேடிக்கைப் பேச்சு வேறு. குடும்பத்தில் எங்கே நாலு பேர் கூடினாலும் தட்டை வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்பார்: "என்ன தங்கச்சி, இப்பல்லாம் முனையை இறுக்கிப் போடறியா? இல்ல, மச்சானை மாதிரி தொளதொளன்னு விட்டுடறியா?" சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். அவள் ஒவ்வொரு சிரிப்பையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். ஒருநாள் இந்த ஆளின் வாயாலேயே இந்த ஆளை அழ வைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். எப்படி என்று அப்போது தெரியாது. ஆனால் அந்த எண்ணம் வந்த பிறகு அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. இழுத்தால் அறுந்துவிடும் என்று அவ்வளவு வேகமாகச் சொன்னாரே, அந்த வேகம்தான் அவளை உறுத்தியது. கை சுத்தமான ஆளாக இருந்தால், இழுத்துப் பார்த்துவிடலாம் என்றல்லவா முதலில் சொல்லியிருப்பார்.

அதனால்தான் கட்டடம் இடிபடுகிற சேதி கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

இடிபாடுகளை வாங்கியிருந்தவர் அவளுக்குத் தெரிந்த பழைய இரும்புக் கடைக்காரர். அவரிடம் நேராகச் சொன்னாள்: "கம்பத்துலேருந்தும் குழாய்லேருந்தும் வர்ற கேபிள் எதையும் எரிச்சுடாதீங்க. செம்புக்கு என்ன வெலையோ நான் தர்றேன்." ஆறு நாள் கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, புழுதிக்குள் நின்று பார்த்தாள். ஏழாம் நாள் காலையில் கடைக்காரர் ஆள் விட்டார்.

கடையின் பின்கட்டில் மூன்று சுருள் கிடந்தன. கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அக்கா, இது என்ன கூத்துன்னு தெரியல. ரெண்டு பக்கமும் தடிக் கேபிளா இருக்கு. நடுவுல வந்தது என்னமோ டி.வி. கேபிள் மாதிரி இருக்கே. டேப்பைச் சுத்தி ஒட்டி வெச்சிருக்கான்."

அவள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். முதலில் தன் முனையை எடுத்தாள். அதை அவளுக்கு அடையாளம் தெரியாதா? உறையைச் சாய்வாக வெட்டுவது அவள் பழக்கம். கத்தியை வைத்து நீளவாக்கில் கீறினாள். உள்ளே செம்புப் பின்னல் அன்று போட்டதுபோலவே பளிச்சென்று இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அடுத்தது கம்பத்து முனை. அதையும் கீறினாள். அதுவும் காய்ந்து, சுத்தமாக, இறுக்கமாக இருந்தது. பத்து வருஷம் வெயிலும் மழையும் உப்பும் தின்றும் அவர் போட்ட முனைக்குள் எறும்பு நுழைய இடமில்லை.

பிறகு நடுத்துண்டு. டேப் சுற்றிய இடத்தைப் பிரித்ததுமே சேற்றுத் தண்ணீர் வடிந்தது. அலுமினியப் பின்னல் பின்னலாக இல்லை. வெள்ளை மாவாகிக் கையில் ஒட்டிக்கொண்டது. ஊதினாள். பறந்துபோனது.

கடைக்காரர் பயந்துபோய், "தண்ணி கொண்டாரவா அக்கா?" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றையும் சுருட்டிக் கட்டினாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

அன்று மாலை மூன்று துண்டுகளையும் கிடங்கு வாசலுக்கே கொண்டுபோய்க் கணவரின் காலடியில் வைத்தாள். அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். தன் முனையைப் பார்க்கவில்லை. அவள் முனையைத்தான் முதலில் கையில் எடுத்தார். கீறிய இடத்தை விரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்க" என்றார் கடைசியில்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஏங்க, அப்ப நீங்க… நான்தான் சரியாப் போடலன்னு நெனச்சீங்களா? அதனாலதான் ரெண்டும் நான் போட்டேன்னு சொன்னீங்களா?"

அவர் அவள் முனையைக் கீழே வைத்தார். "நீ என்ன நெனச்ச?" என்று கேட்டார்.

"ஒரு நாள் என்னோடதுன்னு நெனைப்பேன். ஒரு நாள் உங்களோடதுன்னு நெனைப்பேன்."

இரண்டு பேரும் ஒன்பது வருஷம் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் சந்தேகப்பட்டு, அதைக் கேட்டுவிடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். கேட்டால் மற்றவர் உடைந்துபோவாரே என்று ஆளுக்கொரு பக்கம் பூட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். செத்தவனுக்காக இருந்த கோபம் ஒரு பக்கம். இந்த ஒன்பது வருஷத்தைத் திருடியவன் மேல் வந்த கோபம் அவளுக்கு வேறு மாதிரி இருந்தது.

"விட்டுடு" என்றார் அவர். "நம்ம மேல தப்பில்லன்னு தெரிஞ்சு போச்சு. அக்கா புருஷன். அவ குடி கெட்டுடும்."

"நம்ம குடி என்ன ஆச்சாம்?" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் கேபிளை நீட்டிப் போட்டு அளந்தாள். நல்ல கேபிளின் உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சடித்திருக்கும். கம்பத்துப் பக்கத்துத் துண்டில் ஒன்றிலிருந்து முப்பத்து நான்கு. அறைப் பக்கத்துத் துண்டில் முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தெட்டு. அதோடு வெட்டுப்பட்டிருக்கிறது. நடுவில் ஒட்டப்பட்ட டி.வி. கேபிள் இருபத்திரண்டு மீட்டர். இரண்டு முனையும் வெளியே தெரியும் என்பதால் அங்கே அசலை வைத்து, ஒருவர் கண்ணும் படாத நடுவில் மட்டும் கைவரிசையைக் காட்டியிருக்கிறார். சரி, துறைமுகத்துக்கென்று வந்த எண்பது மீட்டரில் மிச்சம் இருபத்திரண்டு எங்கே போனது?

அதை யோசித்தபடி கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று கான்ட்ராக்டர் வீட்டு மொட்டைமாடி ஞாபகம் வந்தது. லாரிக்காரர்களோடு பேசுவதற்கென்று அவர் வீட்டிலேயே ஒரு வயர்லெஸ் வைத்திருந்தார். மாடியில் அதற்கொரு ஆன்டெனா. துறைமுக வேலை முடிந்த வருஷம்தான் வைத்தார். "எங்க வீட்டு வயர்லெஸ் போலீசோடதவிட நல்லாக் கேக்கும்" என்று பீற்றிக்கொள்வார்.

இரண்டு நாள் கழித்து நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அவர் வேலைக்குப் போயிருந்த நேரம். "அண்ணி, டி.வி. கொஞ்சம் இழுக்குதுன்னீங்களே, பார்த்துட்டுப் போறேன்" என்று சொல்லி மாடியேறினாள். ஆன்டெனாவிலிருந்து தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாக அந்தக் கருப்புக் கேபிள் இறங்கிப் போனது. தூசியைத் துப்பட்டாவால் துடைத்தாள். ஐம்பத்தொன்பது. அடுத்த மீட்டரைத் துடைத்தாள். அறுபது. முட்டி போட்டு ஊர்ந்துகொண்டே படித்தாள். எண்பதில் முடிந்து, அங்கே ஓர் இணைப்பிலிருந்து வேறு துண்டு கீழே வீட்டுக்குள் போனது.

செத்தவன் நாற்பது நிமிஷம் கூப்பிட்ட குரல் போக வேண்டிய கேபிள் இங்கே தொட்டியைச் சுற்றிக் கிடக்கிறது. அதே நேரத்தில் அந்த ஆள் கீழே சோபாவில் உட்கார்ந்து, "எங்கடா இருக்க, வரும்போது சிமெண்ட்டை எறக்கிட்டு வா" என்று இதே கேபிளில் பேசிக்கொண்டிருந்திருப்பார்.

கீழே இறங்கி வந்தாள். நாத்தனார் டீ கொடுத்தாள். "சர்க்கரை இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி" என்று கேட்டு வாங்கி, நிதானமாகக் குடித்துவிட்டு வந்தாள்.

போலீசுக்கு அன்றே போயிருக்கலாம். போனால் அவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கேபிளைக் கழற்றி எறிந்துவிடுவார். அது மட்டுமல்ல காரணம். அந்த எண்களை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதற்காக இன்னும் இரண்டு மாதம் பொறுத்தாள். துறைமுகத்தில் புதிதாக ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம் கட்டியிருந்தார்கள். அதன் கேபிள் வேலை முழுக்கக் கான்ட்ராக்டருக்குத்தான் என்று பேச்சு முடிந்திருந்தது, கையெழுத்துதான் பாக்கி, அதற்குள்ளேயே கொஞ்சம் கேபிள் இழுக்கவும் தொடங்கியிருந்தார். துறைமுகப் பொறியாளர் புதியவர், பழைய கதை எதுவும் தெரியாதவர். அவர் முன்னால் போய் மேசைமேல் மூன்று துண்டுகளையும் வைத்தாள். நாலு வரியில் எழுதிய மனுவையும் வைத்தாள்.

பொறியாளர் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை அவர்தான் பண்ணினாருன்னு எப்படி நம்பறது?"

"நீங்க நம்ப வேணாம் சார். என்கூட ஒரு மாடி ஏறினாப் போதும்."

அடுத்த நாள் காலை பதினொரு மணி. கான்ட்ராக்டர் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனார்கள். பொறியாளர், அவருடைய உதவியாளர், பிளேடு அக்கா. அவர்களுக்குப் பின்னால் நரைத்த தலையோடு தையல்காரி. அவளை இவளே தேடிப் போய்க் கூட்டி வந்திருந்தாள். கணவர் வரவில்லை. "என்னால பார்க்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

பொறியாளரைப் பார்த்ததும் கான்ட்ராக்டருக்கு வாயெல்லாம் பல். "வாங்க சார், வாங்க! சொல்லியிருந்தா நானே ஆபீஸுக்கு வந்திருப்பேனே. என்ன தங்கச்சி, நீயும் சார்கூட வந்திருக்க?"

"உங்க மாடி வயர்லெஸ்ஸைப் பத்தி சார்கிட்ட சொன்னேன் அண்ணே. பார்க்கணும்னாரு."

பெருமையில் அவரே முன்னால் படியேறினார். மாடிக்குப் போனதும் ஆன்டெனாவின் உயரம், இழுக்கிற தூரம் எல்லாவற்றையும் அடுக்க ஆரம்பித்தார். அவள் நடுவில் புகுந்தாள்.

"கேபிள் என்ன ரகம் அண்ணே?"

"ஐம்பது ஓம், டபுள் செம்பு. நான் மட்டமான சரக்கைத் தொடுவேனா?"

"மேல என்னமோ நம்பர் போட்டிருக்கே. எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல. கொஞ்சம் படிங்களேன்."

அவர் குனிந்தார். "அம்பத்தொம்பது" என்றார். அடுத்ததைப் பார்த்தார். "அறுபது. அறுபத்தொண்ணு. இதுல என்ன இருக்கு?" என்று சொல்லி நிமிர்ந்தவர், பொறியாளரின் உதவியாளர் பையிலிருந்து எடுத்த கருப்புத் துண்டைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

அவள் அந்தத் துண்டின் வெட்டுவாயை, ஐம்பத்தெட்டு என்று முடிகிற இடத்தை, அவர் மாடிக் கேபிளின் ஆரம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே வரிசை அச்சு.

"இன்னும் படிங்க அண்ணே. எண்பது வரைக்கும் இருக்கு."

"இதெல்லாம்… இது வேற ரோல். கடையில எத்தனையோ ரோல் வரும்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அப்படியே இருந்தாலும் என் ஆளுங்க யாராவது மாத்திப் போட்டிருப்பாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க ஆளு துறைமுகத்துலேருந்து கேபிளைத் திருடிக்கிட்டு வந்து, உங்களுக்கே தெரியாம உங்க மாடியிலயே மாட்டிட்டுப் போனானா? நல்ல திருடனா இருக்கானே!"

உதவியாளர் சிரிப்பை அடக்க இருமினார். பொறியாளர் சிரிக்கவில்லை. "படிங்க" என்றார்.

கான்ட்ராக்டர் தொட்டியோரம் குந்தினார். அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று என்று படித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் பக்கத்தில் நின்று துப்பட்டாவால் தூசியைத் துடைத்துக் கொடுத்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எழுபதைத் தாண்டும்போது அவர் கழுத்தெல்லாம் வேர்வை. எழுபத்தாறை முணுமுணுப்பாகச் சொன்னார்.

"சத்தமா" என்றாள் தையல்காரி. அவள் அதுவரை வாய் திறக்கவே இல்லை. "எனக்குக் கேக்கல."

எண்பது என்று சொல்லி முடித்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. பிளேடு அக்கா கத்தியை எடுத்து, ஆன்டெனாவுக்கு அரையடி கீழே கேபிளை ஒரே வெட்டாக வெட்டி, மறுமுனையைக் கழற்றிச் சுருட்டிப் பொறியாளர் கையில் கொடுத்தாள்.

மாடிப்படியில் நாத்தனார் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "என் வீட்டு டீயைக் குடிச்சுட்டே என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியேடி. நீ நல்லா இருப்பியா?"

"ஒம்பது வருஷமா நான் நல்லா இருந்தேனான்னு ஒரு நாள் கேட்டிருந்தீங்கன்னா, இதுக்கு நான் பதில் சொல்லுவேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. அசிங்கமான சந்தோஷம் என்று அவளுக்கே தெரிந்தது. இருந்தாலும் அதை விரட்டவில்லை.

கோபுர வேலை அவர் கையை விட்டுப் போனது. லைசென்ஸ் போனது. மெக்கானிக் செத்ததற்காக அவர்மேல் வழக்குப் பதிவானது. லாரிகள் ஒன்றொன்றாக வீட்டு வாசலைவிட்டுக் கிளம்பின. புதுக் கோபுரத்தில் அவர் ஏற்கனவே இழுத்திருந்த கேபிளையும் பொறியாளர் முழுக்க உருவிப் பார்த்தார். அது மட்டும் முழு நீளமும் அசலாக இருந்தது. ஒருமுறை செய்ததற்கே வாழ்நாளெல்லாம் பயந்து திருந்தியிருக்கலாம். அதைக் கேட்டு அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அங்கேயும் ஒரு திருட்டு அகப்பட்டிருந்தால் ஆள் இன்னும் கீழே போயிருப்பாரே என்று நினைத்தாள். நினைத்ததைக் கணவரிடம் சொல்லவும் செய்தாள்.

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். "போதும் உனக்கு" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. துறைமுகம் அவருக்கு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து, வருத்தம் தெரிவித்து ஒரு கடிதமும் அனுப்பியது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு அலமாரிக்குள் வைத்தார். முட்டியில் பலம் இல்லை என்று கம்பம் ஏறப் போகவில்லை. ஆனால் வீட்டில் பேச ஆரம்பித்தார். கடையிலிருந்து அவள் வந்தால் இன்றைக்கு எங்கே வேலை, என்ன கேபிள், எத்தனை முனை என்று கேட்பார். அவள் முனைகளின் கணக்குச் சொல்வாள். கடைத்தெருவுக்குப் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அக்காவைப் பார்க்க அவர் மட்டும் மாதம் ஒருமுறை போய் வருவார். அவள் தடுத்ததில்லை, கூடப் போனதும் இல்லை.

தையல்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். பழையபடி வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். "என் தம்பி பேசினது எது வழியாப் போயிருக்கணும்னு எனக்குக் காட்டுங்க" என்றாள். பிளேடு அக்கா தரையில் துணி விரித்து, வீட்டில் கொஞ்சம் வெட்டி வைத்திருந்த நல்ல கேபிளையும் கெட்டுப்போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோல் தோலாக உரித்துக் காட்டினாள். இதுதான் நடுக்கம்பி, இதில்தான் குரல் போகும், இது காவல், இது மேல்தோல். தையல்காரி செம்புப் பின்னலை விரலில் எடுத்து, துணியின் நெசவைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இவ்வளவு நெருக்கமா நெய்யறாங்களா" என்றாள். பிறகு மாவாகிப்போனதைத் தொட்டாள். கையை உடனே எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஆளுக்கு என்ன கெடைக்கும்?"

"கேஸ் நடக்குது. ரெண்டு வருஷமாகலாம், மூணு வருஷமாகலாம். உள்ள போனாலும் கொஞ்ச நாள்தான் வெச்சிருப்பாங்கன்னு வக்கீல் சொல்றாரு."

"எனக்கு அது பத்தாது."

"எனக்கும் பத்தாது" என்றாள் பிளேடு அக்கா.

அதனால் வழக்கு கூப்பிடுகிற ஒவ்வொரு நாளும் இரண்டு பேரும் போகிறார்கள். கடைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். தையல்காரி மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டு வருகிறாள். ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம், ஒரு தண்ணீர் பாட்டில். முன்வரிசை பெஞ்சில், அவர் கூண்டில் ஏறித் தலை நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒன்றும் பேசுவதில்லை. பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் தள்ளிவைத்துவிடுவார்கள். அந்தப் பத்து நிமிஷமும் அவர் தரையைத்தான் பார்க்கிறார். அவர் இறங்கி வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு, மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, அடுத்த தேதியைக் குமாஸ்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அவரவர் வேலைக்குத் திரும்புகிறார்கள்.